காவல் நாயின் பல் உடைந்தால்...

சந்தையில் மாடு பிடிக்கப் போகும் உழவர், விலை பேசுவதற்கு முன் மாட்டின் வாயைத் திறந்து பார்க்கிறார். இரண்டு பல்லா, நாலு பல்லா, கடை சேர்ந்ததா என்று பல்லைக் கொண்டே வயதைச் சொல்லிவிடுகிறார். ஆட்டையும் அப்படியே பார்க்கிறார். ஆனால் அதே உழவர், ஐந்தாறு ஆண்டுகளாகத் தம் மாட்டுக் கொட்டகையையும் களத்தையும் காத்துவரும் நாயின் வாயை ஒரு முறைகூடப் பார்த்திருக்க மாட்டார். நாய்க்கும் பல் நோவு உண்டு என்ற எண்ணமே பலருக்கு இருப்பதில்லை.

கடலூரை அடுத்த திருவந்திபுரம் பகுதியில் கெடிலம் ஆற்றை ஒட்டிய நிலங்களில் நெல்லும் கரும்பும் வாழையும் விளைகின்றன. கேப்பர் மலைச் செம்மண் மேட்டில் மணிலாவும் முந்திரியும் விளைகின்றன. இப்பயிர்களைப் பன்றியும் பெருச்சாளியும் அழிக்காமல் பார்க்கவும், இரவில் ஆடு மாடுகளைக் காக்கவும் நாய் இன்றியமையாதது. இப்பகுதி உழவர் ஒருவர் வீட்டில் நான்கு வயது நாய் ஒன்று இருப்பதாக வைத்துக் கொள்வோம். அதன் வலது கண்ணுக்குச் சற்றுக் கீழே நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி தோன்றுகிறது. மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசுகிறார்கள். ஒரு வாரத்தில் கட்டி உடைந்து, சீழ் வடிந்து, புண் ஆறிவிடுகிறது. இரண்டு மாதம் கழித்து அதே இடத்தில் மீண்டும் கட்டி. இம்முறை ஊசி போடுகிறார்கள், ஆறுகிறது. மூன்றாம் முறையும் வருகிறது.

இத்தகைய கட்டிக்குக் காரணம் பெரும்பாலும் கண்ணிலும் இல்லை, தோலிலும் இல்லை. மேல்தாடையில் எப்போதோ உடைந்துபோன ஒரு கடைவாய்ப் பல்லின் வேரில் இருக்கிறது. பல்லைக் கவனிக்காமல் கட்டிக்கு மட்டும் மருந்து போட்டால், கட்டி வந்துகொண்டேதான் இருக்கும்.

நாயின் பற்கள்

நாய்க்குட்டிக்கு 28 பால் பற்கள் உண்டு. பிறந்த மூன்றாம் வாரத்திலிருந்து ஆறாம் வாரத்திற்குள் இவை முளைத்துவிடும். நான்கு மாதம் முதல் ஏழு மாதத்திற்குள் இவை விழுந்து நிரந்தரப் பற்கள் முளைக்கும். வளர்ந்த நாய்க்கு மேல்தாடையில் 20, கீழ்த்தாடையில் 22, ஆக மொத்தம் 42 பற்கள். நாட்டு நாயானாலும், இராசபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை போன்ற இனமானாலும் இந்தக் கணக்கு ஒன்றே.

இவற்றுள் இரண்டு வகைப் பற்களை உழவர்கள் அடையாளம் தெரிந்து வைத்துக் கொள்ள வேண்டும். ஒன்று, வாயின் நான்கு மூலைகளிலும் நீண்டு நிற்கும் கோரைப் பற்கள். கவ்விப் பிடிக்க உதவுபவை இவையே. இரண்டாவது, கன்னப் பகுதியில் மேல்வரிசையில் எல்லாவற்றிலும் பெரிதாகத் தெரியும் கடைவாய்ப் பல். பக்கத்திற்கு ஒன்றாக இரண்டு உண்டு. இது கீழ்வரிசையில் உள்ள பெரிய பல்லோடு சேர்ந்து பாக்குவெட்டி போல இயங்கி, இறைச்சியையும் எலும்பையும் வெட்டுகிறது. நாய்களில் அதிகமாக உடைபவை இந்தக் கோரைப் பற்களும் மேல் கடைவாய்ப் பல்லுமே.

பல்லை ஒரு தேங்காயாகக் கருதினால் அமைப்பு எளிதில் விளங்கும். வெளியே கடினமான எனாமல் என்ற ஓடு. அதனுள் டென்டின் என்ற கெட்டியான பகுதி. நடுவில் இரத்தக் குழாய்களும் நரம்பும் நிறைந்த மென்மையான பற்கூழ். மனிதப் பல்லின் எனாமல் 2 மில்லி மீட்டருக்கு மேலும் தடிப்பு உடையது. நாயின் பல்லில் அது 1 மில்லி மீட்டருக்கும் குறைவு. "நாய்ப் பல் இரும்பு" என்று நினைப்பது தவறு.

எலும்பு முறிந்தால் கூடுகிறது; குளம்பு தேய்ந்தால் வளர்கிறது. ஆனால் முளைத்து முடிந்த பல்லின் எனாமல் மீண்டும் வளர்வதே இல்லை. திருவந்திபுரம் கோயிலுக்கு எதிரே உள்ள ஔஷதகிரிக்கு மருந்து மலை என்று பொருள். ஆனால் எந்த மலையிலும் உடைந்த பல்லைக் கூட்டிவைக்கும் பச்சிலை கிடையாது.

பல் ஏன் உடைகிறது?

முதற் காரணம் கடினமான பொருள்களைக் கடிப்பது. ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் வாங்கிவந்த எலும்பு, வெயிலில் காய்ந்து கிடக்கும் மாட்டெலும்பு, லாடம் அடிக்கும் இடத்தில் சீவிப்போட்ட குளம்புத் துண்டு ஆகியவற்றை நாய் கன்னத்தின் ஓரத்தில் வைத்துக் கடிக்கும்போது மேல் கடைவாய்ப் பல்லின் வெளிப்பக்கம் பலகை போலப் பிளந்துவிடும். பிளந்த துண்டு சில சமயம் ஈறோடு ஒட்டிக்கொண்டே இருப்பதால் முறிவு கண்ணுக்குத் தெரியாது.

இரண்டாவது கல். செம்மண் மேட்டில் சரளைக் கற்களுக்குக் குறைவில்லை. சிறுவர்கள் கல்லை எறிந்து நாயை எடுத்துவரப் பழக்குவது உண்டு. இது பல்லுக்குக் கேடு.

மூன்றாவது இரும்புச் சங்கிலி. நாள் முழுவதும் கட்டிக் கிடக்கும் நாய் சலிப்பினால் சங்கிலியைக் கடிக்கிறது. கம்பிக் கூண்டில் அடைத்த நாய் கம்பியைக் கடிக்கிறது. இதனால் கோரைப் பல்லின் பின்பக்கம் தேய்ந்து, பல் மெலிந்து, ஒருநாள் சட்டென்று முறிகிறது.

நான்காவது அடி. கல்லடி, தடியடி, சாலையில் வாகனம் மோதுவது, பன்றியோடு சண்டையிடுவது ஆகியவற்றால் பல்லும் சில சமயம் தாடையும் உடைகின்றன.

ஐந்தாவது குட்டிப் பருவத்து நோய். ஈறுக்குள் நிரந்தரப் பல் உருவாகும் முதல் சில மாதங்களில் டிஸ்டெம்பர் என்ற கொடிய காய்ச்சல் கண்டு பிழைத்த குட்டிகளுக்கு எனாமல் சரியாக உருவாவதில்லை. பல் பள்ளம் பள்ளமாகவும் பழுப்பாகவும் முளைக்கும். இத்தகைய பல் எளிதில் சிதையும்.

வாயில் கை வைக்குமுன்

இந்தப் பகுதியை உழவர்கள் ஒருமுறைக்கு இருமுறை படிக்க வேண்டும். நாய் சாப்பிடவில்லை, எச்சில் ஒழுகுகிறது, வாயை மூட முடியவில்லை என்றால், "எலும்பு சிக்கியிருக்கும், பல் உடைந்திருக்கும்" என்று எண்ணி வீட்டார் வாய்க்குள் கையை விடுகிறார்கள். ஆனால் வெறிநோயின் ஒரு வகையும் இதே அடையாளங்களைக் காட்டும். வெறிநோய் கண்ட நாய் எல்லாமே பாய்ந்து கடிக்கும் என்பதில்லை. ஊமை வெறி என்னும் வகையில் நாய் சாதுவாக ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடக்கும். கீழ்த்தாடை தொங்கும். விழுங்க முடியாமல் எச்சில் ஒழுகும். குரைக்கும் குரல் மாறும். பின்னங்கால் தள்ளாடும். இந்நாயின் எச்சில் கையில் உள்ள சிறு கீறலில் பட்டாலும் நோய் பரவும். நோய்க்குறி தோன்றிய பின் மனிதரைக் காப்பாற்றுவது அநேகமாக இயலாத காரியம்.

ஆகவே, தாடை தொங்கும் நாய், நடத்தை மாறிய நாய், தடுப்பூசி போடாத நாய், அண்மையில் வேறு நாயிடம் கடிபட்ட நாய் ஆகியவற்றின் வாயை வீட்டில் யாரும் திறக்கக் கூடாது. குழந்தைகளை அப்புறப்படுத்தி, நாயைத் தனியே அடைத்துவிட்டுக் கால்நடை மருத்துவரிடம் விவரம் சொல்ல வேண்டும்.

எச்சில் பட்டுவிட்டாலோ, பல் கீறிவிட்டாலோ, அந்த இடத்தை உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் வைக்கக் கூடாது. அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்திற்கோ சென்று தடுப்பூசியைத் தொடங்க வேண்டும். சொன்ன தேதிகளில் எல்லாத் தவணைகளையும் முடிக்க வேண்டும். நாலு நாள் பார்ப்போம் என்று காத்திருக்கக் கூடாது.

முறிவைக் கண்டறிவது எப்படி?

நோவு தாங்கும் குணம் நாய்க்கு அதிகம். பல் உடைந்தாலும் பெரும்பாலான நாய்கள் சாப்பிடுவதை நிறுத்துவதில்லை. "சோறு தின்கிறதே, அப்புறம் என்ன?" என்று விட்டுவிடுவதால்தான் நோய் முற்றுகிறது. கீழ்க்கண்ட குறிகளைக் கவனிக்க வேண்டும்.

ஒரு பக்கமாகவே மெல்லுதல், வாயில் எடுத்த உணவைக் கீழே போட்டு மீண்டும் எடுத்தல், குளிர்ந்த தண்ணீரைக் குடிக்கத் தயங்குதல், முகத்தைத் தரையில் தேய்த்தல், தலையைத் தடவினால் முகத்தைத் திருப்பிக் கொள்ளுதல், எச்சிலில் இரத்தம், வாய் நாற்றம், ஒரு பக்கத்துப் பற்களில் மட்டும் காரை தடித்துப் படிதல், கண்ணுக்குக் கீழே வீக்கம் அல்லது சீழ்த் துளை. நன்றாகக் கவ்வி விளையாடிய நாய் திடீரென்று கயிற்றையோ கட்டையையோ கவ்வ மறுத்தாலும் சந்தேகப்பட வேண்டும்.

ஆண்டுதோறும் தடுப்பூசி போட்ட, பழகிய, சாதுவான சொந்த நாயாக இருந்தால், பகல் வெளிச்சத்தில் பற்களைப் பார்க்கலாம். வாயைத் திறக்கத் தேவையில்லை. வாய் மூடியிருக்கும்போதே மேலுதட்டை மட்டும் விரலால் மெல்லத் தூக்கினால் கோரைப் பல்லும் மேல் கடைவாய்ப் பல்லும் தெரியும். இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். நாய் உறுமினாலோ முகத்தை இழுத்துக் கொண்டாலோ அத்துடன் நிறுத்திவிட வேண்டும்.

பார்ப்பவை மூன்று

உடைந்த பல்லைப் பார்க்கும்போது கேட்க வேண்டிய முக்கியக் கேள்வி ஒன்றே: பற்கூழ் வெளியே தெரிகிறதா, இல்லையா?

ஓரம் மட்டும் சில்லாகப் பெயர்ந்து, உடைந்த இடம் வெள்ளையாகவோ வெளிர் மஞ்சளாகவோ இருந்தால், கூழ் திறக்கவில்லை எனலாம். இது இலேசான முறிவு. ஆயினும் டென்டினில் நுண்ணிய குழல்கள் இருப்பதால் கூச்சம் ஏற்படும். கிருமிகள் அவற்றின் வழியே உள்ளே இறங்கிக் கூழைக் கெடுப்பதும் உண்டு.

உடைந்த இடத்தின் நடுவில் சிவப்புப் புள்ளி தெரிந்தாலோ இரத்தம் கசிந்தாலோ, கூழ் திறந்துவிட்டது, முறிவு புதியது. இந்நிலையில் நாய்க்குக் கடுமையான நோவு இருக்கும்.

நடுவில் கறுப்புத் துளை தெரிந்தால், கூழ் திறந்து, செத்து, அழுகிவிட்டது, முறிவு பழையது. நோவு குறைந்துவிட்டதால் நாய் குணமானது போலத் தோன்றும். உண்மையில் அந்தத் துளை, வாயில் உள்ள கிருமிகள் தாடையெலும்புக்குள் இறங்கும் வாசலாகிவிட்டது. மேலே சொன்ன கண்ணடிக் கட்டி இப்படித்தான் உண்டாகிறது. மேல் கடைவாய்ப் பல்லுக்கு மூன்று வேர்கள். அவற்றின் நுனிகள் கண்ணுக்குக் கீழே உள்ள எலும்பில் முடிகின்றன. வேர்நுனியில் சேரும் சீழ் மெல்லிய எலும்பைத் துளைத்துக் கன்னத்தில் வெளிப்படுகிறது.

நாட்பட்டுத் தேய்ந்த பல்லின் நடுவிலும் பழுப்புப் புள்ளி தெரிவதுண்டு. அது வழுவழுப்பாக, துளை இல்லாமல் இருந்தால், பல் தன்னைத் தானே உள்ளிருந்து மூடிக்கொண்டது என்று பொருள். இரண்டையும் மருத்துவர் ஊசிமுனைக் கருவியால் தடவிப் பார்த்து வேறுபடுத்துவார். உடையாமலே ஒரு பல் ஊதா நிறமாகவோ சாம்பல் நிறமாகவோ மாறியிருந்தால், அடிபட்டு உள்ளே கூழ் செத்திருக்கக் கூடும். அதையும் காட்ட வேண்டும்.

உடனே செய்ய வேண்டியவை

வாகனம் மோதி அடிபட்ட நாயானால் பல்லைப் பார்ப்பதற்கு முன் மூச்சு, இரத்தப்போக்கு, கால், தாடை ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். நோவில் இருக்கும் நாய் வளர்த்தவரையும் கடிக்கும். மூச்சுத் திணறலும் வாந்தியும் இல்லாத, தாடை முறியாத நாய்க்குத் துணி நாடாவால் வாய்க்கட்டுப் போட்டுத் தூக்கலாம்.

பல் உடைந்த நேரத்தைக் குறித்து வைத்துக் கொள்ள வேண்டும். சிகிச்சை எது என்பதை அந்த நேரமே பெரும்பாலும் முடிவு செய்யும். எலும்பும் கெட்டியான உணவும் கொடுக்கக் கூடாது. உடனே மருத்துவரிடம் கொண்டுபோவதாக இருந்தால் சோறு போடாமல் கொண்டுபோவது நல்லது. மயக்க மருந்து கொடுக்க வயிறு காலியாக இருக்க வேண்டும்.

முழுப்பல் வேரோடு கழன்று விழுந்துவிட்டால், அதை வேர்ப்பக்கம் தொடாமல் எடுத்து, தேய்க்காமல், குளிர்ந்த பசும்பாலில் போட்டு, ஒரு மணி நேரத்திற்குள் பல் மருத்துவ வசதி உள்ள இடம் சேர்க்க முடிந்தால், மீண்டும் பொருத்தும் வாய்ப்பு உண்டு.

செய்யக் கூடாதவை

குறட்டால் பல்லைப் பிடுங்கக் கூடாது. நாயின் கோரைப் பல் வெளியே தெரியும் அளவைவிட வேர் நீளமானது, வளைந்தது. இழுத்தால் பாதியில் முறிந்து வேர் உள்ளே தங்கிவிடும். மேல் கோரைப் பல்லைப் பலவந்தமாகப் பிடுங்கினால் வாய்க்கும் மூக்குக்கும் இடையே துளை விழுந்து, குடிக்கும் தண்ணீர் மூக்கால் வரும். கீழ்த்தாடையின் முன்பகுதியில் பெரும்பங்கு கோரைப் பல்லின் வேரே ஆகும். அங்கே இழுத்தால் தாடையே முறியலாம்.

பல் துளையில் புகையிலை வைக்கக் கூடாது. அதிலுள்ள நிக்கோட்டின் நாய்க்கு நஞ்சு. மண்ணெண்ணெய், கிராம்பு எண்ணெய் ஊற்றுவதும் கூடாது. இவை வாயையும் ஈற்றையும் புண்ணாக்கும்.

மனிதருக்கு வாங்கிவைத்த நோவு மாத்திரையைக் கொடுக்கக் கூடாது. ஐபுபுரூபன், டைக்ளோபினாக் போன்றவை நாயின் குடலில் புண் உண்டாக்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாராசிட்டமாலும் அளவு தவறினால் கல்லீரலைக் கெடுக்கும். நாய்க்கென்று தனி நோவு மருந்துகள் உள்ளன. எடையைப் பார்த்து மருத்துவரே கொடுக்க வேண்டும்.

ஊசி மட்டும் போதுமா?

கட்டிக்கு நுண்ணுயிர்க்கொல்லி ஊசி போட்டால் வீக்கம் வடிகிறது. சில வாரத்தில் திரும்புகிறது. காரணம் எளியது. ஊசியில் செலுத்திய மருந்து இரத்தத்தின் வழியாகவே உடலெங்கும் செல்கிறது. செத்துப்போன பற்கூழில் இரத்த ஓட்டம் இல்லை. எனவே கிருமி குடியிருக்கும் இடத்திற்கு மருந்து போய்ச் சேர்வதே இல்லை. வாய்க்கால் தூர்ந்துபோன வயலுக்கு மடையைத் திறந்தது போலத்தான். ஆகவே கூழ் திறந்துவிட்ட பல்லுக்கு இரண்டே வழிகள் உண்டு: பல்லின் உள்ளே சிகிச்சை செய்வது, அல்லது பல்லை அகற்றுவது. "பார்க்கலாம், தானே சரியாகும்" என்பது மூன்றாவது வழி அன்று.

சிகிச்சை முறைகள்

எந்தச் சிகிச்சையானாலும் முழு மயக்கத்தில்தான் செய்ய வேண்டும். மூச்சுக்குழாயில் குழல் பொருத்துவதால் தண்ணீரும் இரத்தமும் நுரையீரலுக்குள் போகாது. வேரின் நிலையை எக்ஸ்ரே படம் எடுத்தே அறிய முடியும். மயக்க மருந்துக்குப் பயந்து சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. இரத்தப் பரிசோதனை செய்து, நாயின் உடல்நிலைக்கு ஏற்ற மருந்தை மருத்துவர் தேர்ந்தெடுப்பார்.

இலேசான முறிவுக்குக் கூரிய விளிம்பை இழைத்து, மேலே பிசின் பூச்சுப் பூசி நுண்குழல்களை அடைத்துவிடலாம். சில மாதம் கழித்து மீண்டும் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும்.

பற்கூழைக் காத்தல்: ஏறத்தாழ ஒன்றரை வயதுக்கு உட்பட்ட இளம் நாய்க்கு ஏற்றது. இளம் நாயின் பல்லில் சுவர் மெல்லியது, கூழ் பெரியது. கூழ் உயிரோடு இருந்தால்தான் சுவர் தடிக்கும். கெட்ட மேல்பகுதிக் கூழைச் சில மில்லி மீட்டர் அளவுக்கு நீக்கி, மிஞ்சியதன் மேல் மருந்து வைத்து அடைத்துவிடுவார்கள். இதை முறிந்த 48 மணி நேரத்திற்குள் செய்தால் வெற்றி வாய்ப்பு அதிகம். நாள் செல்லச் செல்ல வாய்ப்புக் குறையும்.

வேர்ச் சிகிச்சை: முதிர்ந்த பல்லுக்கு ஏற்றது. மெல்லிய அரங்களைக் கொண்டு செத்த கூழ் முழுவதையும் சுரண்டி எடுத்து, கிருமிநாசினியால் கழுவி, உலர்த்தி, கட்டாபெர்ச்சா என்ற மரப்பால் பொருளால் வேர்நுனி வரை நிரப்பி மூடுவார்கள். பல் உயிரற்றதானாலும் உறுதியாக நின்று வேலை செய்யும். ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் எக்ஸ்ரே எடுத்து உறுதி செய்துகொள்ள வேண்டும். வெளிநாடுகளில் போலீஸ், இராணுவ நாய்களுக்கு இப்படிச் சிகிச்சை செய்த கோரைப் பல்லின் மேல் உலோகக் கவசம் பொருத்துவதும் உண்டு. வீட்டுக் காவல் நாய்க்கு அது தேவையில்லை.

பல்லை அகற்றுதல்: இதுவும் முழுமையான சிகிச்சையே, தோல்வி அன்று. பல் ஈற்றுக்குக் கீழே ஆழமாகப் பிளந்திருந்தாலும், வேரைச் சுற்றி எலும்பு அரித்திருந்தாலும், வேர்ச் சிகிச்சைக்கு வசதி கிடைக்காவிட்டாலும் பல்லை எடுத்துவிடுவதே சரி. மேல் கடைவாய்ப் பல்லை மூன்று துண்டாக அறுத்து, ஒவ்வொரு வேரையும் தனித்தனியே தளர்த்தி எடுப்பார்கள். பின் ஈற்றை இழுத்து, தானே கரையும் நூலால் தைப்பார்கள். வேர் மிஞ்சவில்லை என்பதை எக்ஸ்ரேயில் பார்த்துக் கொள்வார்கள்.

குட்டியின் பால் பல் உடைந்தால், "விழப்போகிற பல்தானே" என்று விடக் கூடாது. அதன் வழியே இறங்கும் கிருமி, அடியில் உருவாகிக் கொண்டிருக்கும் நிரந்தரப் பல்லைக் கெடுக்கும். அதை மருத்துவர் கவனமாக எடுத்துவிடுவார்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

சிறு உழவருக்குச் செலவும் ஒரு கணக்கு. வேர்ச் சிகிச்சைக்குத் தனிக் கருவியும் பயிற்சியும் வேண்டும். எல்லா ஊரிலும் கிடைக்காது. கோரைப் பல்லைக் காப்பாற்ற முடிந்தால் காப்பாற்றலாம். முடியாவிட்டால் அகற்றத் தயங்க வேண்டாம். கோரைப் பல் போனால் நாய் காவலுக்கு உதவாது என்ற எண்ணம் தவறு. காவலுக்கு வேண்டியவை காதும் மூக்கும் குரலும். அவை மூன்றும் அப்படியே இருக்கும். மாறாக, நோவோடு இருக்கும் நாய்தான் சுருண்டு படுக்கும். அல்லது தொட்ட குழந்தையைக் கடிக்கும்.

முதலில் சொன்ன நான்கு வயது நாயின் நிலைக்கு வருவோம். பல் உடைந்து மாதங்கள் ஆகிவிட்டன. மூன்று முறை சீழ் கட்டியிருப்பதால் வேர்நுனி எலும்பு அரித்திருக்கும். இந்நிலையில் பெரும்பாலும் பல்லை அகற்றுவதே பரிந்துரைக்கப்படும். பல் போனதும் கிருமியின் இருப்பிடம் போய்விடும்; கன்னத்துத் துளை தானே மூடும். மூன்று முறை பூச்சுக்கும் ஊசிக்கும் செய்த செலவும், அத்தனை மாத நோவும், பல்லைத் தொடக்கத்திலேயே பார்த்திருந்தால் மிஞ்சியிருக்கும்.

சிகிச்சைக்குப் பின்

பல் எடுத்த நாய்க்கு இரண்டு வாரம் குழைந்த சோறு, மசித்த வேகவைத்த முட்டை, எலும்பில்லாத இறைச்சி கொடுக்கலாம். குழம்பு ஊற்றிப் பிசையக் கூடாது. வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்த அணுக்களை அழிக்கும். உணவு வெதுவெதுப்பாக இருக்கட்டும், சூடாக வேண்டாம். எலும்பு, கட்டை, கயிறு எதையும் கடிக்க விடக் கூடாது. மருந்துகளை நோவு குறைந்ததும் நிறுத்தாமல், சொன்ன நாள் வரை கொடுக்க வேண்டும். தையல் பிரிந்தாலோ, வீக்கம் கூடினாலோ, மூக்கால் தண்ணீர் வந்தாலோ உடனே திரும்பக் காட்ட வேண்டும். பெரும்பாலான நாய்கள் சில நாட்களிலேயே முன்னைவிடச் சுறுசுறுப்பாகிவிடும்.

எங்கே காட்டுவது?

முதலில் அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தில் காட்டி, வெறிநோய் ஐயம் இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு, நோவுக்கும் சீழுக்கும் மருந்து பெறலாம். எக்ஸ்ரேயும் பல் அறுவைச் சிகிச்சையும் தேவைப்பட்டால் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளை நாட வேண்டும். கடலூர், சிதம்பரம் பகுதியினருக்குப் பக்கத்தில் இருப்பது புதுச்சேரி குரும்பாபேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி. தெற்கே ஒரத்தநாட்டிலும் கல்லூரி உண்டு. 1903-ஆம் ஆண்டு தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை வேப்பேரியில் இருக்கிறது. புறப்படுவதற்கு முன் எந்த நாளில் வரலாம், என்ன வசதி உண்டு, செலவு எவ்வளவு ஆகும் என்று தொலைபேசியில் கேட்டுக்கொள்வது நல்லது. தடுப்பூசிச் சீட்டைக் கையோடு கொண்டுபோக வேண்டும்.

வருமுன் காக்க

கடிக்கக் கொடுக்கும் பொருளைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பார்க்க வேண்டும். நகம் சிறிதாவது பதிந்தால் கொடுக்கலாம். பதியாவிட்டால் பல்லை உடைக்கக் கூடியது. இந்தச் சோதனையில் எலும்பு, குளம்பு, கொம்பு எதுவும் தேறாது. வேகவைத்த எலும்பு பல்லை உடைப்பதோடு சிலாம்பாகித் தொண்டையிலும் குடலிலும் குத்தும்.

சங்கிலிக்குப் பதில் தோல் வாரோ தடித்த நாடாவோ போட்டுக் கட்டலாம். பகலில் சிறிது நேரமாவது அவிழ்த்துவிட்டால் கடிக்கும் பழக்கம் குறையும். கல்லை எறிந்து எடுத்துவரப் பழக்குவதை நிறுத்த வேண்டும்.

குட்டிக்கு ஆறாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரத்திற்குள் டிஸ்டெம்பர் தடுப்பூசியைத் தொடங்கித் தவணைகளை முடிக்க வேண்டும். மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, மருத்துவர் சொல்லும்போது மறு ஊசியும், பின் ஆண்டுதோறும் ஓர் ஊசியும் போட வேண்டும்.

சுருங்கக் கூறின்

சோறு தின்கிற நாய்க்கும் பல் நோவு இருக்கலாம். தாடை தொங்கி எச்சில் ஒழுகும் நாயின் வாயில் கை வைக்கக் கூடாது. உடைந்த பல்லின் நடுவில் சிவப்புப் புள்ளி தெரிந்தால் இரண்டு நாளுக்குள் மருத்துவரிடம் போக வேண்டும். கறுப்புத் துளை தெரிந்தால் நோவு இல்லாவிட்டாலும் போக வேண்டும். கண்ணுக்குக் கீழே திரும்பத் திரும்ப வரும் கட்டிக்குப் பல்லைப் பார்க்க வேண்டும். குறடும் புகையிலையும் மனிதர் மாத்திரையும் வேண்டாம். ஆண்டுக்கு ஒருமுறை தடுப்பூசிக்குக் கொண்டுபோகும்போது, "பல்லையும் ஒருமுறை பாருங்கள் ஐயா" என்று மருத்துவரிடம் கேட்டுக்கொண்டால், அதற்கென்று தனியே ஒரு நாள் செலவழிக்க வேண்டியதில்லை.